சம்பந்தி வீட்டு பானெட்

கண்ணா, இதை லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் படி. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நான்கு நாளாகப் பார்த்தேன். நான் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கிறாய். "ம்... ம்... சரிம்மா" என்று நீ சொல்லும்போதே பின்னால் டகடகவென்று தட்டும் சத்தம் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிடுவாய். இது கட்டைவிரலால் தீருகிற சமாசாரம் இல்லை. அடுத்த வியாழக்கிழமை காலையில் எஸ்தர் வீட்டாரின் சர்ச்சிலும் மாலையில் நம் சந்தாபுரா மண்டபத்திலுமாக உனக்கு இரண்டு தடவை கல்யாணம் நடக்கப்போகிறது. அதற்கு முன்னால் நீ ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது. ஆனால் திருத்த வேண்டியது நீதான். பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போகிற சொத்து பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கிறது.

நம் ஷெட்டில் என்ன வேலை நடக்கிறது என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் "பெற்றோர் தொழில்" என்ற இடத்தில் "துரு" என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தவன் நீ. கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தள்ளும். அந்தக் காற்றில் துகளைக் கலந்து நாசில் வழியாக இரும்பின்மேல் அடித்தால் பெயின்ட்டும் துருவும் உரிந்து வரும். அவ்வளவுதான் தொழில். ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தத் துகள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அது என் இலாகா. கல்யாணத்துக்கு முன்னால் பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் நான். கனமான சேஸிஸ் என்றால் கார்னெட் கல்துகள். கார்புரேட்டர் மாதிரி அலுமினியச் சாமான் என்றால் பொடித்த வால்நட் ஓடு, இல்லையென்றால் பொடிக் கண்ணாடி மணி. அதுவும் அடித்து முடித்ததும் ஒவ்வொரு துளையிலும் காற்று விட்டு ஊதியாக வேண்டும். கதவு, பானெட் மாதிரி மெல்லிய தகடு என்றால் சமையல் சோடா மாதிரியான சோடாப் பொடி. பிரஷரைக் குறைத்து, தள்ளி நின்று, சாய்வாக, ஓர் இடத்தில் நிற்காமல் அடிக்க வேண்டும். குரோமியப் பூச்சு இருந்தால் தொடவே கூடாது. இதையெல்லாம் நான் ஷெட் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உன் அப்பா அந்தச் சுவரில்தான் சட்டையை மாட்டுவார்.

அவர் செய்த குளறுபடிகளின் பட்டியல் உனக்கு மனப்பாடம். ஒரு புல்லட்காரன் ஆசையாகக் கொண்டுவந்த பளபள சைலன்ஸரைக் கார்னெட் போட்டு அடித்து, குரோமியம் மொத்தத்தையும் உரித்து, சாம்பல் நிறப் புடலங்காய் மாதிரி திருப்பிக் கொடுத்தது. கார்புரேட்டரைக் கண்ணாடி மணியில் அடித்துவிட்டு ஊத மறந்து, வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை இருமி நின்றது. பைக் டேங்க்கைச் சோடாவில் சுத்தம் செய்துவிட்டுக் கழுவாமலே பெயின்டருக்கு அனுப்பி, ஓசூர் ரோட்டில் போகிற வழியில் பெயின்ட் பாம்புச் சட்டையாகக் கழன்று ஓட்டியவனின் முழங்காலில் ஒட்டிக்கொண்டது. போன பொங்கலுக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது இந்த மூன்றையும் நீ நடித்துக் காட்டினாய். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், நடுவில் ஓரிடத்தில் சாம்பாரைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனேன். ஏனென்றால் அந்த டேங்க்கைக் கழுவ மறந்தது நான். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவிச் சோடாவை முழுக்க எடுத்தால்தான் பெயின்ட் பிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அன்றைக்கு உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பதற்றத்தில் மறந்துவிட்டேன். ஓட்டியவன் சண்டைக்கு வந்தபோது உன் அப்பா முந்திக்கொண்டு "நான்தாம்பா கழுவாம விட்டுட்டேன்" என்றார். நான் அப்படியே விட்டுவிட்டேன். அது சிரிப்புக் கதையாகிப் பட்டியலில் சேர்ந்த பிறகு திருத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் சிரிப்பு இல்லை. "அப்பா ஆரம்பத்துல ஆத்து மணலைப் போட்டு அடிச்சு இருமலை வாங்கிக்கிட்டார்" என்று நீ சொல்வாய். மணலைப் போட்டது உண்மை. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது. ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் அடித்தார். அந்த மணலைச் சலித்துச் சலித்து, "நல்லா பொடியா இருக்கு, இன்னிக்கு வேலை சீக்கிரம் முடியும்" என்று அள்ளிக் கொடுத்தவள் நான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திட்டியபோது, உன் அப்பா "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே மணலை நிறுத்தினோம். காற்று வரும் முகமூடி வாங்கினோம். அந்த இருமலில் எனக்கும் பங்கு உண்டு என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பானெட்டுக்கு வருகிறேன்.

எஸ்தரின் அப்பாவிடம் அவர் அப்பா காலத்துக் கறுப்புக் கார் ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுப் போர்ட்டிகோவில் துணி போர்த்தி, சின்னக் குழந்தை தூங்குகிற மாதிரி வைத்திருக்கிறார். மகளை அந்தக் காரில்தான் சர்ச்சுக்கு அழைத்துப் போவேன் என்று அவருக்குப் பிடிவாதம். பழைய பெயின்ட்டை உரிக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அங்கிள், எங்க ஷெட் எதுக்கு இருக்கு?" என்றாயாம். அந்தப் பெருமையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உன்மேல் பழி போடவில்லை, சும்மா சொல்கிறேன்.

முதலில் பானெட்டை மட்டும் கழற்றி, இரண்டு போர்வையில் சுற்றி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பேனா, ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கே உரிய நிதானம். நாங்கள் இருவரும் வாசலுக்கே போய் வரவேற்றோம். உட்கார்ந்ததும் அவர் உன் அப்பாவைப் பார்த்து, "சம்பந்தி, இதுக்கு என்ன மீடியா, அதாவது என்ன துகள் யூஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டார். உன் அப்பா என்னைக் கை காட்டி, "அதெல்லாம் மேஸ்திரியம்மாதான் முடிவு பண்ணணும்" என்றார். சம்பந்தி அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்போல. சிரித்துவிட்டு அவரிடமே பேச ஆரம்பித்தார். பிரஷர் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று ஒவ்வொரு கேள்வியும் அவருக்குப் போகும். அவர் என்னைப் பார்ப்பார். நான் பதில் சொல்வேன். சம்பந்தி அந்தப் பதிலுக்கு உன் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டுவார். இப்படியே கால் மணி நேரம். அப்புறம் என் பக்கம் திரும்பி மிக மரியாதையாக, "சிஸ்டர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? பாவம், இந்தத் தூசியில உங்களையும் கொண்டாந்து உக்கார வச்சிருக்காரே" என்றார்.

நல்ல மனுஷர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உச்சி மண்டையில் யாரோ கம்ப்ரஸரை ஆன் செய்த மாதிரி இருந்தது. தண்ணீரைக் கொடுத்தேன். அவர் டம்ளரோடு டெம்போக்காரரைப் பார்க்க வாசலுக்குப் போனார், உன் அப்பா கம்ப்ரஸரைப் போடப் போனார். அவர்கள் முதுகைக் காட்டியதும் நான் முகமூடியையும் கவச உடையையும் மாட்டிக்கொண்டு பானெட்டோடு பிளாஸ்டிங் ரூமுக்குள் போய்விட்டேன். சோடா மூட்டை வலப்பக்கம் இருந்தது. சோடாவில் பெயின்ட் மெதுவாகத்தான் உரியும். அந்த பானெட்டில் ஐந்தாறு கோட்டாவது இருந்திருக்கும். முக்கால் நாள் வேலை. எனக்கோ அவர் கையில் இருக்கிற டம்ளர் காலியாவதற்குள் பளிச்சென்று தகட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்த வேண்டும். இடப்பக்கம் கார்னெட் இருந்தது. கையில் எடுத்தேன். எடுக்கும்போது தப்பு என்று தெரியுமா என்று கேட்டால், தெரியும். நான் எழுதிய சிவப்பு எழுத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டுதான் பிரஷரைக் கூட்டினேன்.

ஆகா, எவ்வளவு அழகாக உரிந்தது தெரியுமா! வரிசை வரிசையாக, கோலம் போட்ட மாதிரி. பாதிக்கு மேல் முடித்தபோது உன் அப்பா ஹோஸைப் பிடிக்கலாம் என்று உள்ளே வந்தார். அவர் கண் பானெட்டின் நடுவுக்குப் போனது. பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "சாக்கு! சாக்கு! நில்ஸு!" என்று கத்தினார், போதும், நிறுத்து என்று. நான் நிறுத்தினேன். அந்த அமைதியில் பானெட் "டொக்" என்று ஒரு சத்தம் போட்டது. நடுவில் மெதுவாக உப்பி நின்றது. மெல்லிய தகட்டின் ஒரு பக்கத்தை லட்சம் பொடிச் சுத்தியலால் அடித்தால் அந்தப் பக்கம் விரியும். விரிந்த தகடு போக இடமில்லாமல் தூக்கிக்கொள்ளும். நான் எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். விரலால் அழுத்தினேன். "டிக்" என்று உள்ளே போனது. விரலை எடுத்தேன். "டொக்" என்று வெளியே வந்தது.

உன் அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி நிம்மதியாக இருந்திருப்பேன். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார். சம்பந்தி வாசலிலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். "முகமூடியைக் கழட்டு" என்றார். "எதுக்கு?" என்றேன். "கழட்டு மே, சீக்கிரம். நீ போய் டீ போடு." நான் மரம் மாதிரி நின்றேன். அவரே என் தலையிலிருந்து அதைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். என்னிடமிருந்து உருவிய கவச உடையில் அவர் கை நுழைந்தது, வயிறு நுழையவில்லை. ஜிப்பைத் தொப்புளுக்குமேல் இழுக்க முடியாமல், ஒரு கையில் நாசிலோடு, பெரிய தலையும் திறந்த தொப்பையுமாக அவர் நின்ற கோலத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அப்புறம்தான் மற்றது வருகிறது.

சம்பந்தி உள்ளே வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகமூடிக்குள்ளிருந்து உன் அப்பா, "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. வீட்ல சோடாதான் போடச் சொன்னாங்க. நான்தான் அவசரப்பட்டுக் கார்னெட் போட்டுட்டேன்" என்றார். சம்பந்தி "ஓ" என்றார். நான் டீயைக் கொண்டுபோய் நீட்டினேன். "பரவாயில்ல சிஸ்டர்" என்று குடிக்காமலே கிளம்பிப் போனார். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம் என்று என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வைக்கு அந்தக் கொதிக்கிற டீயை நானே என் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

அன்று மாலை உன் போன் வந்தது. "ஒரு வேலையாவது அம்மா சொன்ன மாதிரி செய்ய மாட்டீங்களாப்பா? எஸ்தர் வீட்ல நான் எப்படி முகத்தைக் காட்டுறது?" என்று கேட்டாய். உன் அப்பாவும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பது உனக்குத் தெரியாததா? நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி அடக்கினார். வைத்த பிறகு ஏன் என்று கேட்டேன். "என்னைத் திட்டி அவனுக்குப் பழக்கம், திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். உன்னைத் திட்டினா ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க. கல்யாணம் முடியட்டும்" என்றார். சொல்லிவிட்டு வெங்காய பஜ்ஜி கேட்டார். அன்றிலிருந்து தினம் ஒரு பலகாரம் கேட்கிறார். தியாகம் செய்த மனுஷன் என்று நானும் செய்துபோடுகிறேன். அந்த ஜிப் இனி எந்தக் காலத்திலும் ஏறாது.

பானெட்டை டிங்கர் வேலை பார்க்கும் கரீம் பாயிடம் எடுத்துப் போனோம். அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "க்யா மேடம், பானெட்டா இது, பூரியா?" என்றார். உன் அப்பா, "நான் அடிச்சதுதான் பாய்" என்றார். கரீம் பாய் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சும்மா இரு அண்ணா. நீ அடிச்சா அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் திட்டுத் திட்டா இருக்கும். இது பாரு, நூல் பிடிச்ச மாதிரி, எவ்ளோ நீட்டா கெட்டுப் போயிருக்கு. இது மேடம் கை" என்றார். என் வேலையை அவ்வளவு சரியாக யாரும் இதுவரை பாராட்டியதில்லை. மூன்று நாள் அவர் அந்தத் தகட்டோடு மல்லுக்கட்டினார். காசளவு இடத்தைப் பழுக்கக் காய்ச்சுவார், தட்டுவார், ஈரத்துணியால் ஒற்றுவார். உஸ் என்று ஆவி வரும், விரிந்த தகடு அந்த இடத்தில் சுருங்கும். அப்புறம் பக்கத்தில் இன்னொரு காசு. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து துணி நனைத்துக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன்.

சம்பந்தி வீட்டில் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. "பானெட்டை அடிச்சது அவரு இல்ல. நான்தான்" என்றேன்.  சம்பந்தி வகுப்பில் கேட்கிற குரலில், "மெல்லிய தகட்டுக்கு என்ன போடணும்?" என்றார்.

"சோடா."

"பிரஷர்?"

"குறைச்சு."

"எவ்வளவு கிட்ட?"

"கிட்டவே போகக் கூடாது. தள்ளி நின்னு, சாய்ச்சு அடிக்கணும்."

"இவ்வளவும் தெரிஞ்சுதானே செஞ்சீங்க? ஏன்?"

வரும் வழியெல்லாம் வேறு பதில்களைத்தான் யோசித்து வைத்திருந்தேன். "நீங்க எங்கிட்ட தண்ணி கேட்டீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "தண்ணி கேட்டதுக்கா?" என்றார். சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "எல்லாக் கேள்வியையும் அவங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு, தண்ணிக்கு மட்டும் இவங்களைக் கூப்பிட்டீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அக்கா, நான் லைசென்ஸ் எடுத்து இருபது வருஷமாச்சு. அந்தக் கார்ல ஸ்டீரிங்கைத் தொட்டுத் துடைக்க மட்டும்தான் எனக்குப் பர்மிஷன். நீங்க பானெட்டோட நிறுத்திட்டீங்க. நானா இருந்தா நாலு கதவையும் சேர்த்து அடிச்சிருப்பேன்."

சம்பந்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது. "சரியான விடை தெரிஞ்சும் தப்பா எழுதற பசங்களுக்கு நான் ரெண்டு மார்க் கூடவே குறைப்பேன்" என்றார். "குறைச்சுக்குங்க" என்றேன். பிறகு, "சிஸ்டர், கதவு நாலும் மட்கார்டும் பாக்கி இருக்கு. அதையும் நீங்களே பண்ணுங்க. ஆனா கோபம் இல்லாத நாளாப் பாத்துப் பண்ணுங்க" என்றார்.

பண்ணிவிட்டேன். சோடாதான். ஒரு கதவுக்கு ஒரு நாள். சம்பந்தி தினமும் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்து, இப்போது என்னைப் பார்த்தே கேள்வி கேட்டார். அவ்வளவு கேள்வி கேட்பார் என்று தெரிந்திருந்தால் பழையபடி உன் அப்பாவையே கேட்கட்டும் என்று விட்டிருப்பேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை கழுவினேன். பானெட்டும் நிமிர்ந்துவிட்டது. கறுப்புப் பெயின்ட் அடித்து நேற்று வண்டியில் மாட்டியாயிற்று. குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நடுவில் லேசாக ஓர் அலை தெரியும். மாப்பிள்ளை குனிந்து பானெட்டைப் பார்க்கிற வழக்கம் எந்த மதத்திலும் கிடையாது, நீயும் பார்க்காதே.

உன்னிடம் நானே சொல்வேன் என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால்தான் அவர்கள் உன்னிடம் வாயே திறக்கவில்லை. உன் அப்பாவுக்கு நான் அங்கே போனதும் தெரியாது, இதை எழுதுவதும் தெரியாது. தான் கெடுத்ததாகச் சொன்னதால்தான் சம்பந்தி கதவுகளை என்னிடம் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ போன மூன்று ஞாயிறும் ஈஜிபுராவிலிருந்து வந்தாய், சாப்பிட்டாய், என்னிடம் பேசினாய், அவரிடம் "ம்" சொன்னாய். நீ கிளம்பிய பிறகு அவர் கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறார். பஜ்ஜி கேட்கிற மனுஷன் அதைப் பாதியில் வைத்துவிடுகிறார்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டுமாமே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என்றைக்காவது உன் தப்பை எஸ்தர் தன் தலையில் எடுத்து மாட்டிக்கொண்டால், நீ டீ போடப் போய்விடாதே. அங்கேயே நில். கோபத்தில் இருக்கும்போது கையில் எடுத்த முதல் பொருளைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும். செய்யட்டும்.

இப்போது உன் அப்பாவுக்குப் போன் செய். முதல் தடவை எடுக்க மாட்டார், முகமூடியில் இருப்பார். மறுபடி செய். மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் கூச்சப்பட்டு, கம்ப்ரஸர் பெல்ட் நழுவுகிறது, வால்வில் காற்று கசிகிறது என்று ஏதாவது ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். எந்த வால்வு என்று கேள். அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் வைக்காதே.

கழுத்து வரை சோடாப் பொடியோடு,
உன் அம்மா